தறிச் சத்தத்தில் தூங்கும் குழந்தை

பிப்ரவரி 10, சனி

நூல் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. அரிசி டின்மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் பெருமைதான். பகல் முழுக்கத் தறி ஓடுகிற வீட்டில் பெருமையைக்கூட யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. சொன்னாலும் கேட்காது.

பெரிய நாத்தனார் வசந்தாமணி அண்ணி பெருந்துறையிலிருந்து வந்திருந்தார், பையன் தருணோடு. ஒரு வயது தாண்டிய எங்கள் கனிஷ்காவைவிட அவன் ஒரு மாதம் பெரியவன். காபி குடித்து முடிக்கும்வரை சமர்த்தாக இருந்தான். டீ குடிக்க நிறுத்தியிருந்த தறிகளை என் வீட்டுக்காரர் திரும்பப் போட்டாரோ இல்லையோ, பையன் வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தில் ஏறிக்கொண்டான். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் குடித்தனம், அந்தப் பக்கம் தறிகள், நடுவில் கதவில்லாத ஒரு வாசல். பள்ளிபாளையத்தில் பாதி வீடு இப்படித்தான். பழகாதவர்களுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருக்கும்.

கனி அப்போது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். புரண்டுகூடப் படுக்கவில்லை.

“பாரு, தறிக்காரன் புள்ளைன்னா இதுதான்!” என்று அண்ணி என் காதருகே கத்தினார்.

எனக்கு ஒரே பெருமை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு அழுதவள். அப்புறம் அந்தச் சத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காதுதான் கண்டுகொள்வதை விட்டுவிட்டது. இப்போதெல்லாம் தறி நின்றால்தான் எனக்குத் திடுக்கென்கிறது. எனக்கு வந்த இந்தப் பழக்கத்துக்குப் பல மாதம் ஆனது. கனிக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சங்ககிரியில் என் அம்மா வீட்டிலிருந்து மூன்றாம் மாதம் தூக்கி வந்தபோது, இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டே மெயினைப் போட்டார். கண்ணைச் சிமிட்டாமல், தறியில் நாடா குறுக்கும் மறுக்கும் ஓடுவதை வேடிக்கை பார்த்தாள். பட்டறையே சிரித்தது.

பிப்ரவரி 27

கனிக்குச் சளி. தறியில் பாவு நூல் முடிந்து புதுப் பாவு ஏற்றினார்கள். இடுப்பு விட்டுப்போயிற்று.

மார்ச் 17

கனிக்கும் என் மாமனாருக்கும் இருக்கிற சிநேகிதத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர் பெயர் அர்த்தநாரி. பத்து வயதில் தறியடிக்கு வந்தவர், காது போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பட்டறையில் எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். நூல் சுற்றிய தார் வேண்டுமென்றால் ஒரு விரல், இழை அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவது, சோறு என்றால் வாய்க்கு நேரே குவித்த கை. மாமாவுக்குப் பட்டறைக்கு வெளியிலும் அதுதான் பாஷை. கனியும் அதையே பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்கு ஒரு கை, காக்காய்க்கு ஒரு கை, “தூக்கு” என்பதற்கு ஒரு கை. அவர் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாயைத் திறந்தால் “ஆஆ” என்று ஒரே கத்தல். தறிக்காரர் வீட்டில் யார் மெதுவாகப் பேசினோம், அவள் மெதுவாகப் பேச?

“அம்மா” என்று இன்னும் சொல்லவில்லை. தருண் சொல்கிறானாம். அண்ணி போனில் அவனைப் பேசச் சொல்லிக் கேட்க வைத்தார். இவரிடம் சொன்னேன். “நானே மூணு வயசுலதான் பேசுனேன்னு எங்கம்மா சொல்லும். நீதான் எல்லார்த்துக்கும் சேத்துப் பேசறயே” என்றார். கரண்டியைக் காட்டினேன். ஓடிவிட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. தறி கிடையாது. வீடு பேயறைந்த மாதிரி இருந்தது. பாயசம், வடை, மாங்காய்ப் பச்சடி எல்லாம் செய்தேன்.

கனி கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. விளையாட்டு மும்முரம். குழந்தைகள் அப்படித்தான்.

கை தவறி எவர்சில்வர் தட்டு கீழே விழுந்துவிட்டது. மாடியிலிருந்து இவர் “என்னாச்சு?” என்று கேட்டார். கனி அடுத்த குச்சியை எடுத்து வைத்தாள்.

இன்னொரு முறையும் கை தவறியது.

பாயசத்தில் முந்திரி கருகிவிட்டது.

ஏப்ரல் 15

தறி ஓட ஆரம்பித்துவிட்டது. நிம்மதி.

மே 6

இவரிடம் சொல்லிவிட்டேன். “கனிக்குக் காது சரியாக் கேக்குதாங்க?” என்றுதான் கேட்டேன்.

அவர் சிரித்தார். “கேக்காமயா? பழகிப்போச்சு, கண்டுக்கறதில்ல. நீயும் நானும் கண்டுக்கறோமா?”

சொல்லிவைத்த மாதிரி சாயங்காலம் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒன்றாக நின்றன. பாயில் தூங்கிக்கொண்டிருந்த கனி அந்த நிமிஷமே கண் விழித்து உட்கார்ந்து அழுதாள். இவர் இருட்டில் ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “இப்ப என்ன சொல்றே? நின்னது காதுல உழுந்துதானே முழிச்சா? காது கேக்காத புள்ள எப்படி முழிக்கும்? லூசு, லூசு” என்றார்.

என்னை லூசு என்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரை வந்ததில்லை. ராத்திரி அவருக்குப் பிடித்த முட்டைக் குழம்பு வைத்தேன்.

மே 9

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். இன்று ஒன்பது மணிக்கு நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பே கனியைத் தூங்க வைத்தேன். பாயில் வெயில் விழுந்ததால் தொட்டிலில் போட்டேன்.

வெயில் எதுவும் விழவில்லை. டைரியிடம் என்ன பொய்.

ஒன்பதுக்குத் தறி நின்றது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. கனி தூங்கினாள். தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயோரம் எச்சில் ஒழுக, நன்றாக, ஆழமாகத் தூங்கினாள்.

சாயங்காலம் தறி ஓடும்போது பாயில் தூங்க வைத்துவிட்டு நானே போய் மெயினை அணைத்தேன். இவர் “எவடி அது, பாவு அறுந்துபோகும்!” என்று கத்தினார். நான் கூடத்துக்கு ஓடி வந்தேன். கனி எழுந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

அவர் திரும்பத் தறியைப் போட்டதும், அவள் படுத்திருந்த இடத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

மே 10

இட்லிக்கு அரைத்தேன்.

மே 21

பெரிய சண்டை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “ஏற்கெனவே எங்கப்பனைச் செவிட்டுத் தறிக்காரன்னு வீதில சொல்றானுக. இப்ப பொண்ணையும் நீயே சொல்ல வையி” என்றார். தரை அதிர்வதைச் சொன்னேன். நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் தரையில் வைத்தேன். வெகுநேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார்.

அண்ணிக்குப் போன் பண்ணினேன். ஈரோட்டில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

ஜூன் 4

அண்ணியும் நானும் கனியோடு ஈரோடு போனோம். காது பார்க்கிற இடத்தில் பிரிசில்லா என்று ஒரு பெண். என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். கனியை என் மடியில் உட்கார வைத்து ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்று கிலுகிலுப்பை ஆட்டினாள், மணி அடித்தாள், கடைசியில் மேளத்தையே தட்டினாள். எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. கனி பொம்மையின் கண்ணைப் பிடுங்குவதில் இருந்தாள்.

நான் முந்திக்கொண்டு சொன்னேன்: “எங்க வீடு தறி வீடுங்க மேடம். சத்தம் பழகிப்போச்சு அவளுக்கு.”

அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “தறி வீட்டுல இருந்து வர்றவங்க இப்படித்தாங்க சொல்றாங்க. புதுச் சத்தம் கேட்டா எந்தக் குழந்தையும் முதல்ல திடுக்குனு தூக்கிப்போடும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா, இதனால நமக்கு ஒண்ணும் இல்லைன்னு மூளை அதை விட்டுரும். அதுதான் பழகறது. ஆனா வேற சத்தம் வந்தா மறுபடி திடுக்கிடும். இந்த மேளம் அவளுக்குப் புதுசுதானே? வீட்டுல முத முதல்ல தறி போட்டப்ப எப்படி இருந்தா?”

நாடாவை வேடிக்கை பார்த்தாள் என்றேன்.

“திடுக்கிட்டாளா?”

பொம்மையின் கண்ணிலிருந்து கனியின் விரலை எடுத்துவிட்டேன்.

“காதுல விழுந்தாத்தானேங்க பழகறதுக்கு?” என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி இன்னொரு டெஸ்ட். இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்காதாம். மிக மிகப் பெரிய சத்தம்கூடப் போய்ச் சேரவில்லை. காது வழியாக ஒன்றும் வராவிட்டால் மூளை அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளுமாம். எவ்வளவு சீக்கிரம் கேட்க வைக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும், நாள் தள்ளத் தள்ளக் கஷ்டம் என்றார் டாக்டர். “ஏற்கெனவே கொஞ்சம் லேட்” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் கனி ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். கம்பி அதிர்கிறதே, அதற்காக.

ஜூன் 5

சொன்னேன். இவர் கேட்டுவிட்டு எழுந்து போய் எல்லாத் தறியையும் போட்டார். அழுவதற்கு எங்கள் வீட்டில் அது ஒரு வசதி. பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

மாமாவுக்கு உதட்டை அசைத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“எனக்குத் தெரியும் அம்மிணி” என்றார். “எனக்குத் தெரியாதா? அவ என்னாட்டமே, என்ற இனம்.”

“பின்ன ஏன் மாமா சொல்லல?”

“சொல்லி? நானும் இருக்கறேனல்ல. சோறு திங்கறேன், தறி ஓட்டறேன். அவளும் அவ பாட்டுக்கு இருப்பான்னு நெனச்சேன்.”

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த முறத்தை வீசி எறிந்தேன். நீங்கள் பேசிக் கேட்டு வாழ்ந்து, அப்புறம் காதைத் தொலைத்தவர். அவளுக்கு ஒரு சொல்கூட இன்னும் போய்ச் சேரவில்லையே என்று கத்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டு பேசினால் உதடு புரியாது. திரும்பச் சொல்லச் சொல்லி ஒரு விரலைத் தூக்கினார். எனக்குத் திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

ஜூன் 30

காது மெஷின் போட்டாயிற்று. முதலில் சில மாதம் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, பலன் இல்லாவிட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். கனி பிடுங்கி எறிகிறாள், நான் தேடி எடுத்து மாட்டுகிறேன். ஒன்றைக் குழம்புச் சட்டியிலிருந்து எடுத்தேன்.

பிரிசில்லா மேடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டாள். ஒன்று, தறி வீட்டில் இருந்தால் மெஷினில் தறிதான் விழும், பேச்சு விழாது. அமைதியான வீட்டில் வைத்து ஓயாமல் பேச வேண்டும். இரண்டாவது, கை ஜாடை கூடாது. “கை எல்லாத்தையும் சொல்லிட்டா, காதுக்கு அவ எதுக்குங்க மெனக்கெடப் போறா?”

முதலாவதுக்கு அண்ணி வழி சொன்னார். பெருந்துறையில் அவர்கள் மாடி அறை சும்மாதான் இருக்கிறது. இரண்டாவதை மாமாவிடம் யார் சொல்வது?

இவர்தான் சொன்னார். கனி வந்து “தூக்கு” என்று கையைக் காட்டினாள். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அவர் திரும்பினார். அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துச் சிரித்துச் சுற்றினாள். அவரும் சுற்றினார். எனக்குப் பார்க்க முடியவில்லை. துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 8

பெருந்துறை. எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த அமைதி தாங்க முடியவில்லை. மின்விசிறியைக் கடைசி எண்ணில் வைத்துப் படுத்தேன்.

ஆகஸ்ட் 19

நாள் முழுக்கப் பேசுகிறேன். “இது தக்காளி. சிவப்புத் தக்காளி. அம்மா தக்காளி நறுக்கறேன்.” சுவரோடு பேசுகிறவள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள். கனி என் முகத்தை அன்பாகப் பார்க்கிறாள். அவ்வளவுதான். மெஷின் பலன் தரவில்லை என்று பிரிசில்லா மேடம் எழுதிவிட்டாள். ஆபரேஷனுக்கு அரசுக் காப்பீட்டில் எழுதிப் போட்டிருக்கிறோம்.

தாத்தாவைத் தேடுகிறாள். வாசலில் நின்று, தண்ணீர், காக்காய், தூக்கு என்று தனக்குத் தெரிந்த கைகளையெல்லாம் காட்டிக்கொண்டே இருக்கிறாள். பதில் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் பேசுகிறேன். அவள் என்னைக் கண்டுகொள்ளாமல் வாசலையே பார்க்கிறாள்.

செப்டம்பர் 12

இப்போது கையைக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். யாரும் பதில் சொல்லாததை எத்தனை நாள்தான் செய்வாள்?

இதைத்தான் எல்லோரும் நல்லது என்கிறார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இவர் வந்திருந்தார். வாரா வாரம் வருகிறார், மாமா வருவதில்லை. ஏன் என்று கேட்டேன். “பாத்தா கை தானா வந்துருமாம்” என்றார். இளைத்துவிட்டார். தானே சமைக்கிறாராம். ரசம் என்று ஏதோ வைக்கிறாராம், மாமா குடிக்கிறாராம். சிரித்தோம். கொஞ்ச நாளாக நாங்கள் சிரிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கீழே தருண் ஓயாமல் “அம்மா, அம்மா, அம்மா” என்கிறான். அண்ணி டிவி பார்த்தபடி “ம்” என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சொல். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் பாவம். எங்களுக்கு இடம் கொடுத்தவர். ஆனாலும் வந்தது.

நவம்பர் 22

ஆபரேஷன் ஆயிற்று. காதுக்குப் பின்னால் முடியை மழித்து, உட்காதில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். உள்ளே மயக்கம் தெளிகிறபோது, வீங்கிய முகத்தோடு கண்ணைத் திறந்து, குவித்த கையை வாய்க்கு நேரே கொண்டுபோனாள். பசிக்கிறதாம். இத்தனை மாதம் கழித்து அந்தக் கை. நான் பதிலுக்குக் கையைக் காட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 15

நாளைக்கு அந்தக் கருவிக்கான புது மெஷினை முதல்முறையாகப் போடுகிறார்கள். அவள் முதலில் கேட்கப்போவது என்னவாக இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே துணி துவைத்தேன். “கண்ணு” என்று சொல்லலாமா, பெயரைச் சொல்லலாமா, தாலாட்டு ஒன்று பாடலாமா? என் குரல் கரகரவென்று இருக்கும். தறிக்கு மேல் கத்திக் கத்தி இப்படி ஆனது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது.

டிசம்பர் 16, திங்கள்

சின்ன அறை. நான், இவர், மாமா, பிரிசில்லா மேடம். மாமா இன்று வந்தார். புது வேட்டி. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி, தலையில் வட்டமான ஒன்றை வைத்ததும் அது ஒட்டிக்கொண்டது. மேடம் கம்ப்யூட்டரில் ஏதோ செய்தாள். கனி கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. மேலே பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கீழுதடு பிதுங்கியது.

“இப்ப பேசுங்க. மெதுவாப் பேர் சொல்லுங்க” என்றாள் மேடம்.

“கனி” என்றேன்.

அவளுக்கு உடம்பே தூக்கிப்போட்டது. பிறந்ததிலிருந்து அவள் திடுக்கிட்டு நான் பார்த்ததில்லை. வீறிட்டு அழுதாள். தன் அழுகையும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், அதற்கும் பயந்து இன்னும் அழுதாள். இவர் தூக்கப்போனார், தள்ளிவிட்டாள். தாத்தாவிடம் ஓடினாள். அவருக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். தூக்கு. மாமாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தோள் ஆடியது. கைகள் முன்னால் வரவில்லை.

அப்புறம் என்னிடம் வந்தாள். வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, “அம்மாடா கண்ணு, அம்மா, ஒண்ணுமில்ல” என்றேன். மறுபடி தூக்கிப்போட்டது. இந்த முறை அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். அந்தப் பயங்கரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

தன் உள்ளங்கையை என் வாயில் வைத்து அழுத்தினாள்.

நான் நிறுத்தினேன். அவளுக்குச் சத்தம் நின்றது. விசும்பிக்கொண்டே ஒரு பெரிய மூச்சு விட்டு, கையை எடுக்காமல் என் மார்பில் சாய்ந்தாள். இத்தனை நாள் நாங்கள் இருந்த மாதிரியே கொஞ்ச நேரம் இருந்தோம். அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தது.

“நிறுத்தாதீங்கம்மா” என்றாள் பிரிசில்லா. “அழட்டும். நீங்க பேசுங்க.”

கனியின் கை சூடாக இருந்தது, கண்ணீரும் மூக்குச்சளியும் பட்டு ஈரமாக இருந்தது. அந்தக் கைக்குள்ளேயே மெல்ல அவள் பெயரைச் சொன்னேன். அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.